விடைகளை அச்சிட வேண்டாம்!

“பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்குக் கட்டம் கட்டமாக எழுத்துப் போட்டு விளையாட நேரம் எங்கிருந்து வருகிறது?” – இந்தக் கேள்வி இவ்வாண்டு எங்களில் பலருடைய வீடுகளில் எழுந்தது. நியாயமான கேள்விதான். பொதுத்தேர்வு எழுத வேண்டிய ஆண்டு. காலையில் தனி வகுப்பு, மாலையில் சிறு தேர்வு, இரவில் மனப்பாடம் என்று நாட்கள் ஓடுகின்றன. ஆயினும் ஆகஸ்டு மாதக் கடைசியில் பதினொரு நாட்கள் எங்கள் வகுப்பு முழுவதும் ஒரு குறுக்கெழுத்துப் புதிரில் மூழ்கிக் கிடந்தது என்பதை நாங்கள் மறுக்கப் போவதில்லை.

இப்போது அதைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் புதிரை இம்மலரில் வெளியிட ஆசிரியர் குழு முடிவு செய்திருக்கிறது. மிக்க மகிழ்ச்சி. ஆனால் அதே பக்கத்தின் அடியில் விடைகளைத் தலைகீழாக அச்சிடப் போகிறார்களாம்! அதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தமிழம்மா, பெரிய அட்டை ஒன்றில் கட்டங்கள் வரைந்து, சிலவற்றைக் கறுப்பாக்கி, ‘எங்கள் தோட்டம்’ என்று தலைப்பிட்டு, ‘அ’ பிரிவுக்கு ஒன்றும் ‘ஆ’ பிரிவுக்கு ஒன்றுமாகத் தாழ்வாரத்தில் மாட்டினார். முப்பத்து நான்கு குறிப்புகள். எல்லாம் செடி, கொடி, மரம், பூ, காய் பற்றியவை. உணவு இடைவேளையில் மட்டும்தான் எழுதலாம். பென்சிலால்தான் எழுத வேண்டும். “ஒன்றிரண்டைத் தவிர எல்லா விடையும் இந்த மதிற்சுவருக்குள்ளேயே இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எத்தனை முறை கேட்டும் அதற்குமேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

இவ்வகைப் புதிர் தமிழுக்குப் புதிதன்று என்றாலும், பிறந்த இடம் அமெரிக்கா. லிவர்பூலில் பிறந்து அங்கே குடியேறிய ஆர்தர் வின் என்பவர், 1913 டிசம்பர் 21ஆம் நாள் ‘நியூயார்க் வேர்ல்டு’ என்ற செய்தித்தாளில் வைர வடிவத்தில் முதல் புதிரை வெளியிட்டார். ஆங்கிலப் புதிரில் கட்டத்துக்கு ஓர் எழுத்து. மொத்தம் 26 எழுத்துகள். நமக்கோ 247! ‘மல்லிகை’ என்றால் ம, ல், லி, கை என்று நான்கு கட்டம். புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. இது கடினம் என்று முதலில் மலைத்தோம். போகப்போகத்தான் இதில் ஒரு சலுகை இருப்பது தெரிந்தது. ஆங்கிலத்தில் குறுக்கே ஓர் எழுத்துக் கிடைத்தால் அதை வைத்து அதிகம் ஊகிக்க முடியாது. தமிழில் ‘றி’ என்று ஓர் எழுத்துக் கிடைத்துவிட்டால் பாதிச் சொல் கிடைத்த மாதிரி. அன்றியும், ர, ல, ழ, ள போன்றவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்று இலக்கண வகுப்பில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு படித்தோமே, அந்த விதி இங்கே எத்தனை தவறான வழிகளை அடைத்து உதவியது தெரியுமா? மொழிமுதல் எழுத்துகளால் ஒரு பயன் உண்டு என்று அன்றுதான் நம்பினோம்.

காய்கறிகளும் தோட்டக் கருவிகளும் முதல் நாளிலேயே முடிந்துவிட்டன. இரண்டாம் நாள் சண்டை தொடங்கியது. ‘இரவில் மலர்ந்து விடியலில் உதிரும்; காம்பின் நிறமே பெயராயிற்று (6)’ என்பது குறிப்பு. மாதா கெபிக்குப் பின்னால் காலைதோறும் வெள்ளைப் பாய் விரித்தாற்போல் உதிர்ந்து கிடக்கும் பூ எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எழுதுவது எப்படி? பவளமல்லியா, பவழமல்லியா? இரண்டும் சரியே என்றது அகராதி. பிறகு ஒருத்தி மேலிருந்து கீழ்க் குறிப்பைப் படித்தாள்: ‘வாடினாலும் மணம் மாறாது (5)’. மகிழம்பூ! அதிலே ‘ழ’தான் வரும், இரண்டு சொற்களும் சந்திப்பது அந்தக் கட்டத்தில்தான். அகராதி தீர்க்காத வழக்கை ஒரு பூ தீர்த்துவைத்தது.

இதே போல வீட்டுச் சமையலறையில் நாங்கள் அன்றாடம் சொல்லும் ‘கருவேப்பிலை’யும் மாட்டிக்கொண்டது. கட்டங்கள் ஆறு, சரிதான். ஆனால் இரண்டாம் கட்டத்தில் ‘ரு’ போட்டால் மேலிருந்து வரும் பூவுக்கு வழியில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் பூ என்பது குறிப்பு. குறிஞ்சி! அந்த ‘றி’யால்தான் கறிவேப்பிலை திருந்தியது. கறிக்குப் போடும் வேப்பிலை போன்ற இலை என்ற பொருளும் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. கொடைக்கானல் மலையில் குறிஞ்சி 2006இல் பூத்தது, பிறகு 2018இல் பூத்தது; அப்போது நாங்கள் மிகச் சிறியவர்கள். அடுத்து 2030இல் பூக்க வேண்டும். எங்கே இருந்தாலும் எல்லாரும் சேர்ந்து போவது என்று அந்தத் தாழ்வாரத்திலேயே தீர்மானம் போட்டோம். யார் யார் வருவார்கள் என்று பார்ப்போம்.

‘தொல்காப்பியர் இதை மரம் என்று ஒப்பமாட்டார் (3)’ என்ற குறிப்பும் சுவையானது. வெளியில் வயிரம் உடையது புல், உள்ளே வயிரம் உடையது மரம் என்பது தொல்காப்பியர் கணக்கு. கமுகு என்றும் எழுதலாம், தென்னை என்றும் எழுதலாம். குறுக்கே வந்த ‘ன்’ தென்னைக்குச் சாட்சி சொன்னது. விளையாட்டுத் திடலின் ஓரத்தில் காற்றில் சாய்ந்து அறுக்கப்பட்ட தென்னையின் அடித்துண்டு கிடக்கிறது. எத்தனையோ நாள் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அன்றுதான் அதைத் தொட்டுப் பார்த்தோம். ஓரம் இரும்பு, நடுவில் நகத்தால் கீறலாம் போன்ற நார்.

இனி, சொல்லச் சங்கடமான பகுதிக்கு வருகிறோம்.

நான்காம் நாள் காலையில் பார்த்தால் எங்கள் அட்டையில் இரண்டு விடைகள் மையால் எழுதப்பட்டிருந்தன. அவற்றை எழுதியவள் காய்ச்சலால் மூன்று நாள் பள்ளிக்கு வராத தோழி. தோழிகளிடம் குறிப்புகளைக் கேட்டு, அப்பாவின் கைப்பேசியில் தேடி, தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையில் எல்லாருக்கும் முன்னால் வந்து எழுதிவிட்டாள். வகுப்பு அவளைப் பாராட்டவில்லை. “யார் உன்னை எழுதச் சொன்னது?” என்று கேட்டோம். அவள் அழுதாள். அன்று நாங்கள் நடந்துகொண்ட விதம் எங்களுக்குப் பெருமை தருவதன்று. பிறகு மன்னிப்பும் கேட்டுக்கொண்டோம். ஆனால் ஏன் அவ்வளவு கோபம் வந்தது? பரிசு ஒன்றும் இல்லாத விளையாட்டு. கட்டம் நிரம்பினால் போதும் என்றால், யார் நிரப்பினால் என்ன, எப்படி நிரப்பினால் என்ன? நாங்கள் விரும்பியது கட்டம் நிரம்புவதை அன்று என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

மையால் எழுதிய அந்த இரண்டில் ஒன்று தவறு. ‘பூ மேலே, காய் கீழே (6)’ என்பதற்கு வேர்க்கடலை என்றிருந்தது. ஆறு கட்டம் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. மையால் வேறு எழுதியிருக்கிறது! ஆகவே அதை யாரும் ஐயுறவில்லை. ஆனால் அதன் முதல் எழுத்திலிருந்து கீழே இறங்கும் எட்டுக் கட்டச் சொல் எங்களுக்கு அகப்படவே இல்லை. ‘ஆண்டெல்லாம் பூக்கும், சிலர் வீட்டில் வைக்கத் தயங்குவர், புற்றுநோய் மருந்துக்கு உதவும்’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு, ‘வே’யில் தொடங்கும் பூவை இரண்டு நாள் தேடினோம். வேங்கை, வேம்பு, வேலம்பூ என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தோம்.

எங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் ஒருத்தி இருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள், மதிப்பெண் பட்டியலில் அவள் பெயரைக் கீழிருந்துதான் தேட வேண்டும். மூன்றாம் நாளாக நாங்கள் அட்டைமுன் நின்று விழித்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாக, “கடலை வேரில் காய்க்காதே” என்றாள். அவர்கள் வீட்டில் மானாவாரியாகக் கடலை போடுகிறார்களாம். மஞ்சள் பூ வெளியே பூத்து முடிந்ததும், அதன் அடியிலிருந்து ஒரு காம்பு வளைந்து மண்ணைத் தேடி இறங்குமாம். அதற்கு விழுது என்று பெயர். அந்த விழுதின் நுனி மண்ணுக்குள் போய்த்தான் காயாகிறது. விழுது இறங்கும் நேரத்தில் ஜிப்சம் போட்டு மண் அணைத்துவிட வேண்டும். மண் இறுகிவிட்டால் விழுது உள்ளே போகாமல் காய்ந்துவிடும். “அதனால்தான் இந்த மாதம் அப்பா வயலை விட்டு வருவதேயில்லை” என்றாள். நாங்கள் வாயடைத்து நின்றோம். கடலை உருண்டை தின்னும் எங்களுக்கு அது வேரில் காய்ப்பதில்லை என்பதுகூடத் தெரியவில்லை!

‘வேர்’ போய் ‘நில’ வந்தது. நிலக்கடலை. அதுவும் ஆறு கட்டமே! ‘நி’ வந்த உடனே, இரண்டு நாளாகத் தேடிய பூ கெபியின் படிக்கட்டிலிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தது: நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று சொல்லிச் சில வீடுகளில் ஒதுக்கும் செடி. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து அதிலிருந்துதான் கிடைக்கிறது என்று அறிவியல் ஆசிரியை பின்னர் சொன்னார்.

மையால் எழுதிய மற்றொரு விடை சரியானதே. அதனால் நேர்ந்த நட்டம்தான் பெரிது என்று சொன்னால் வியப்பீர்கள். ‘பூத்ததை யாரும் பார்த்ததில்லை, பூக்காமலும் இல்லை (3)’. விடை அத்தி. சரி என்று டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டோம். அடுத்த அறையில் இருந்த ‘அ’ பிரிவினருக்கோ விடை தெரியவில்லை. அவர்கள் தோட்டத்தைச் சுற்றி வந்து, கிணற்றடியில் அத்தி மரத்தைக் கண்டு, ஐயத்தோடு ஒரு காயைப் பிளேடால் இரண்டாக அறுத்திருக்கிறார்கள். உள்ளே சுவரெல்லாம் நுண்ணிய பூக்கள்! காய் என்று நாம் சொல்வதே பூக்களை உள்ளே மூடி வைத்த பைதான். நடுவில் கொசுவைவிடச் சிறிய குளவி ஒன்றும் இருந்ததாம். நுனியிலுள்ள துளை வழியாகப் போகும் அந்தக் குளவியால்தான் அத்திக்கு மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. ‘அத்தி பூத்தாற்போல’ என்று நாங்கள் கட்டுரைகளில் எழுதித் தள்ளியிருக்கிறோம். அவர்கள் அத்தி பூத்ததையே பார்த்துவிட்டார்கள். நாங்கள் ஐந்து நாள் கழித்து, அவர்கள் சொல்லக் கேட்டுப் போய்ப் பார்த்தோம். பூ அதே பூதான். ஆனால் என்ன இருக்கும் என்று தெரிந்துகொண்டு அறுப்பது வேறு, தெரியாமல் அறுப்பது வேறு அல்லவா?

கடைசியாக ஒரே ஒரு சொல் நின்றது. ‘வாடிய பூவுக்கும் சிறையில் வாடிய வீரருக்கும் ஒரே பெயர் (4)’. மூன்று நாள் அசையவில்லை. எங்கள் தமிழ்ப் பாடநூலின் முதல் இயலில் தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்ச்சொல் வளம்’ என்ற கட்டுரை இருக்கிறது. பூவின் நிலைகளைக் குறிக்கும் சொற்கள் அதில் வரிசையாக உள்ளன. ஜூலைத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. அரும்பு, போது, மலர், வீ என்று தொடங்கி ஐந்தையும் எழுதி அநேகமாக எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கினோம். வாய்ப்பாடு போல் வரிசையாக ஒப்பித்தால் ஐந்தாவது தானாக வரும். வாடிய பூவைக் காட்டி இதன் பெயர் என்ன என்றால் வரவில்லை! காலைதோறும் அந்த வாடிய பூக்களை மிதித்துக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறோம்.

பதினொராம் நாள், வ.உ.சி. பிறந்த நாளான செப்டம்பர் 5ஆம் தேதிப் பேச்சுப் போட்டிக்காக ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி தாழ்வாரத் தூணைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். “கோவைச் சிறையிலே செக்கிழுத்த செம்மல்…” என்று அவள் கையை உயர்த்தினாள். எங்களில் ஆறேழு பேர் ஒரே நேரத்தில் அலறினோம். பாவம், அந்தக் குழந்தை பயந்து பேச்சையே மறந்துவிட்டாள். செம்மல்! பெருமைக்குரிய மனிதருக்கும் அதே சொல், வாடி நிற்கும் பூவுக்கும் அதே சொல். ஜூலையில் மதிப்பெண் வாங்கித் தந்த அந்தச் சொல் செப்டம்பரில்தான் எங்களுடையதாயிற்று.

இதை நேர விரயம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. குறுக்கெழுத்துப் பைத்தியம் அமெரிக்காவைப் பிடித்தாட்டிய 1924ஆம் ஆண்டில், ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் இதைப் பாவத்துக்கு ஒப்பான வீண்வேலை என்று கண்டித்துத் தலையங்கம் எழுதியது. அதே நாளிதழ் 1942 பிப்ரவரியில் தானே குறுக்கெழுத்துப் புதிர் வெளியிடத் தொடங்கிற்று! எங்கள் பெற்றோர் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

உண்மையாகவே பார்த்தால், இந்த ஆண்டு முழுவதும் எங்கள் கையில் வந்து விழுபவை விடைகளே. வினாவைப் படிக்கும் முன்பே கைடில் விடை காத்திருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. தேர்வு நேரத்தில் எங்களுக்கும் கைடு வேண்டும்தான். அப்படிப்பட்ட ஆண்டில், விடை எங்கும் அச்சாகாத முப்பத்து நான்கு வினாக்கள் கிடைத்தன. அவற்றுக்காக நாங்கள் குனிந்து தரையைப் பார்த்தோம், காயை அறுத்தோம், கடைசி வரிசையில் இருப்பவளிடம் கேட்டோம். பக்கத்தின் அடியில் விடை தலைகீழாக இருந்திருந்தால் அட்டையைத் திருப்பியிருப்போம், அவ்வளவுதான்.

ஆசிரியர் குழுவிலுள்ள சிஸ்டர் ஒருவர், “சின்னக் குழந்தைகள் விடை தெரியாமல் சலித்துப்போய்ப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்களே” என்கிறார். அதிலும் உண்மை இல்லாமலில்லை. எங்களுக்கே ஏழாம் நாள் சலிப்பு வந்தது. அதற்கு எங்கள் யோசனை இது: விடைக்குப் பதிலாக இடத்தை அச்சிடலாம். கிணற்றடி, கெபியின் பின்புறம், சமையற்கட்டுக்குப் பக்கம் என்று போட்டால் போதும், தங்கைகள் ஓடிப்போய்ப் பார்த்துக்கொள்வார்கள். விடைத்தாளை ஓர் உறையிலிட்டு நூலகத்தில் வைத்துவிடலாம். மிகவும் முடியாதவர்கள் அங்கே போய்க் கேட்கட்டும். நூலக அம்மையார் எளிதில் கொடுப்பவர் அல்லர் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

“நீங்களே இப்போது ஒன்பது விடைகளைச் சொல்லிவிட்டீர்களே!” என்று கூர்மையான தங்கைகள் கேட்பீர்கள். கவலை வேண்டாம். அந்த ஒன்பதையும் நீக்கிவிட்டு, தமிழம்மா வேறு சொற்களைச் சேர்த்துக் கட்டங்களை மாற்றியமைத்துவிட்டார். புதியவற்றில் ஒன்றை மட்டும் இங்கே தருகிறோம்: ‘மூச்சில் ஓர் எழுத்தை விட்டால் பலாவில் தொங்கும் (2)’. விடையை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம், சொல்லமாட்டோம். சமையற்கட்டுக்குப் பின்னால் பலா மரம் இருக்கிறது. இப்போது அதில் பிஞ்சு விட்டிருக்கிறது.

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் சார்பில் ஒரு மாணவி